கதிர்காமப் பாதையில் சமையல் வண்டி எதற்கு?

எங்கள் நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஓர் எக்செல் தாள் வந்து சில வாரங்கள் ஆகின்றன. அடுத்த ஆடிவேல் விழாவுக்குச் சிங்கப்பூரிலிருந்து இருபது பேர் இலங்கையின் தெற்கே உள்ள கதிர்காம முருகன் கோயிலுக்குப் பாதயாத்திரை போவதற்கான திட்டம் அது. எந்த நாளில் எந்த ஊர், எத்தனை கிலோமீட்டர், இரவு எங்கே தங்குவது, பைகளை ஏற்றிவர ஒரு வேன், சமையல் சாமான்களோடு இன்னொரு வண்டி, மட்டக்களப்பில் அமர்த்திக்கொள்ளும் இரண்டு சமையல்காரர்கள், கொப்புளத்துக்கும் வயிற்றுப்போக்குக்கும் மருந்துப் பெட்டி என்று எல்லாம் வரிசையாக இருந்தன. தயாரித்தவர் குழுவின் மூத்தவர், நான் அண்ணன் என்று அழைக்கும் நண்பர். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடியும் பால்குடமும் நெரிசலில்லாமல் நகர்வதற்குப் பின்னால் எத்தனை பேருடைய தூக்கமில்லாத இரவுகள் இருக்கின்றன என்பதை அருகிலிருந்து அறிந்தவர். பல ஆண்டுகள் தொண்டூழியர். "நீதானே நடந்து வந்தவள். எது விடுபட்டிருக்கிறது, பார்த்துச் சொல்" என்று எழுதியிருந்தார்.

சமையல் வண்டியை எடுத்துவிடுங்கள் என்று பதில் போட்டேன். உடனே தொலைபேசியில் அழைத்தார். "எடுத்துவிட்டு?" "வழியில் ஊர்க்காரர்கள் சாப்பாடு போடுவார்கள், அண்ணா." "இருபது பேருக்கா? போரும் கடலும் அடித்துப்போட்ட ஊர்கள் அவை. சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் போய் இறங்கி, அவர்கள் பானையில் இருப்பதை நாம் உட்கார்ந்து சாப்பிடுவதா? அது முறையா, தங்கச்சி?" அந்தக் கேள்வியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நல்ல மனம் உள்ள எவரும் அப்படித்தான் கேட்பார். ஆனாலும் வண்டி வேண்டாம் என்ற என் எண்ணம் அசையவில்லை. ஏன் என்று அவருக்குத் தொலைபேசியில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கடலை ஒட்டிய வழி

கதிர்காமம் என்றால் நம்மில் பலருக்குக் கொழும்பில் வேன் பிடித்து, மாணிக்க கங்கையில் குளித்து, கருவறையை மறைக்கும் திரைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, கிரிவெகரை என்ற பௌத்தத் தூபியையும் பார்த்துத் திரும்புகிற பயணம்தான். கொஞ்சம் கேள்விப்பட்டவர்களுக்கு உகந்தையிலிருந்து யால காட்டுக்குள் நடந்து போகும் சில நாள் நடை தெரியும். அதற்கு வடக்கே கிடக்கும் நீண்ட வழியைப் பற்றி இங்கே பேச்சே கிடையாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில், பொத்துவில் என்று இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டியே தெற்கே இறங்கி, உகந்தையில் கடலை விட்டுக் காட்டுக்குள் நுழையும் வழி. ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். முழுவதும் நடப்பவர்களுக்கு இரண்டு மாதம் வரை ஆகும். சந்நிதி முருகனுக்கு அன்னதானக் கந்தன் என்றொரு பெயர் உண்டு. அங்கே பூசை செய்பவர்கள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு பூசை செய்வார்கள். மட்டக்களப்புப் பக்கம் மண்டூரிலும், கடைசியில் கதிர்காமத்திலும் அதே வாய்கட்டிய பூசைதான். தொடங்கும் இடமும் நடுவழியும் முடியும் இடமும் ஒரே முறையில் கும்பிடுகின்றன என்பதை நடந்து போகிறவர்கள் கண்ணால் பார்ப்பார்கள்.

என் பாட்டியின் தாயார் சந்நிதியிலிருந்து நடந்தவர் என்பது எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய செய்தி. பாட்டி மலாயாவுக்குக் குமாஸ்தா வேலைக்கு வந்த கணவரோடு கப்பலேறியவர். பின்னாளில் சிங்கப்பூரில், சிலோன் ரோட்டுச் செண்பக விநாயகர் கோயிலுக்கு அருகில் வாழ்ந்தார். அந்த நாளில் கடற்கரைக்குச் சில நிமிட நடைதான் என்பார். 1966-இல் தொடங்கிய மண்நிரப்பும் வேலை கடலைத் தள்ளிக்கொண்டே போய்விட்டது. நாங்கள் ஞாயிறு காலையில் நடக்கும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க், பாட்டி கால் நனைத்த தண்ணீர் இருந்த இடம். இங்கே கரையோரமாக எவ்வளவு நடந்தாலும் பாட்டியின் காலத்துக் கரையில் நடக்க முடியாது என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வரும். அப்படி ஒரு கரை எங்கேயாவது மிச்சமிருக்கிறதா என்ற ஏக்கம்தான் என்னை மட்டக்களப்புக்கு ரயிலேற்றியது. வேலையும் வீடும் முழு வழிக்கும் விடாது என்பதால், வடக்கிலிருந்து வேல் எடுத்து வந்த ஒரு சிறு குழுவோடு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் சேர்ந்துகொண்டேன்.

வழி நெடுகிலும் பழைய பெயர்கள் உடன் வரும். யாழ்ப்பாணத்துத் துறவி நல்லூர் யோகர் சுவாமி இந்த வழியாகக் கதிர்காமத்துக்கு நடந்தவர். போர் முறித்துப்போட்ட நடையை 1988-இல் மீட்டெடுக்க முன்னின்றவர்களில் ஒருவர் பேட்ரிக் ஹாரிகன் என்ற அமெரிக்கர். 1972-இலேயே முதல்முறை நடந்தவர். அதற்குப் பிறகும் போர் விட்ட இடங்களில் மட்டும்தான் நடக்க முடிந்தது. 2009-இல் போர் முடிந்த பிறகே வடக்கையும் தெற்கையும் இணைத்துத் தடையில்லாமல் நடப்பது மறுபடி வாய்த்தது. வடக்கிலிருந்து வருகிறவர்கள் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலைக் கடந்துதான் வரவேண்டும். அந்தக் கோயில் நந்திக்கடலின் கரையில் இருக்கிறது. நந்திக்கடல் என்ற பெயருக்கு மேல் தமிழ் வாசகர்களுக்கு நான் எதுவும் சொல்லத் தேவையில்லை. எங்கள் குழுவில் வடக்கிலிருந்து வந்தவர்களும் அந்த இடத்தைப் பற்றி எதுவும் பேசவில்லை.

எல்லாரும் சாமிதான்

வேல் சுமந்தவர் எழுபதைத் தாண்டிய மெலிந்த மனிதர். அவரைப் பார்த்து மற்றவர்கள் சாமி என்பார்கள். அவரும் எல்லாரையும் சாமி என்றே அழைப்பார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, மீன்பிடித் தொழிலாளி, கைக்குழந்தையைப் பாட்டியிடம் விட்டுவந்த இளம்பெண், எல்லாரும் சாமிதான். என்னையும் முதல் நாளே அப்படி அழைத்தார்கள். பாதிப்பேர் வெறுங்கால். விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் ஏதாவது ஒரு கோயிலை அடைந்து, மாலையில் மறுபடி கொஞ்சம் நடப்பது வழக்கம். ஆனி மாதத்தில் அங்கே அடிக்கும் கச்சான் காற்று தொண்டையை உலர்த்திவிடும். இரவில் பிள்ளையார் கோயில் மண்டபமோ பள்ளிக்கூட விறாந்தையோ படுக்கை. எங்கே தங்குவது என்று யாரும் முன்பதிவு செய்ததாகத் தெரியவில்லை. வேல் இன்ன ஊரைக் கடந்துவிட்டது என்று அடுத்த ஊருக்குத் தகவல் போய்விடும். முன்பு சைக்கிளில் ஆள் போவாராம், இப்போது தொலைபேசி. கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எத்தனை சாமி வருகிறார்கள்?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே போகும் சாலையில் ஒரு தமிழூர், அடுத்து ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி ஒரு தமிழூர் என்று மாறி மாறி வரும். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை, பாண்டிருப்பு, காரைதீவு, நிந்தவூர், அக்கரைப்பற்று. இந்த ஊர்களுக்கிடையே நல்லதும் நடந்திருக்கிறது, ஆறாத கெட்டதும் நடந்திருக்கிறது. எங்கள் குழு கடந்துபோனபோது ஒரு முஸ்லிம் கடைக்காரர் குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல்களை வெளியே எடுத்துவந்து நீட்டினார். கதிர்காமத்தில் பள்ளிவாசலும் இருக்கிறது, விழாக் காலத்தில் அங்கேயும் கொடியேறும் என்பதைச் சொல்லி, "எங்கள் பக்கத்துக்கும் சலாம் சொல்லுங்கள்" என்றார். குருமண்வெளியில் வாவியைக் கடந்து மண்டூருக்குப் போக, பாதை என்று அவர்கள் அழைக்கும் மிதவையில் மோட்டார் சைக்கிள்களோடு நாங்களும் ஏறினோம். வேலாயுதத்தை நடுவில் நிறுத்தி, சுற்றி நின்றுகொண்டு போனோம். கடலோரத்து ஊர்கள் பலவற்றில் 2004 டிசம்பர் 26 என்ற தேதி பொறித்த நினைவுத் தூண்கள் நிற்கின்றன. அந்தக் காலையில் இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களை இழந்தது அம்பாறை. நாங்கள் நடந்த கரை பெரும்பாலும் அந்த மாவட்டத்தினுடையது.

வேல் வராமல் எப்படி

திருக்கோவில் சித்திரவேலாயுதர் கோயிலைத் தாண்டி, கோமாரிக்கு முன்னால் ஒரு சிறிய ஊர். பெயரை எழுதவில்லை, அங்கே இருப்பவர்களைத் தேடிக்கொண்டு யாரும் போகவேண்டாம். நண்பகலுக்கு அங்கே இருப்பதாகச் சொல்லியிருந்தோம். முந்தைய ஊரில் நோயாளி ஒருவருக்காக வீட்டுக்கு வேலாயுதத்தை எடுத்துப் போய்ப் பூசை வைத்ததில் நேரம் போய்விட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலைத் தொட்டிருந்தது. கோயில் மண்டபத்தில் இருபது முப்பது பெண்கள், கொஞ்சம் ஆண்கள், நிறையச் சிறுவர்கள் இருந்தார்கள். பானைகளை வாழையிலையால் மூடி வைத்திருந்தார்கள். வாசலிலேயே எங்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். வேலை வைத்துக் கற்பூரம் காட்டி முடிந்ததும் இலை போட்டார்கள். குத்தரிசிச் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலைச் சுண்டல், சொதி, மோர்மிளகாய். ஆறிப்போயிருந்தது. பசியில் எனக்கு அது தெரியவில்லை.

எனக்குப் பரிமாறிய அம்மாவுக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். இடது முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டுதான் குனிந்தார். மறுசோறு போட வந்தபோது, "நீங்கள் சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று கேட்டேன். பேச்சுக்குக் கேட்டதுதான். "வேல் வராமல் எப்படி, மகள்?" என்றார். சுற்றிப் பார்த்தேன். சிறுவர்களைத் தவிர யாரும் சாப்பிட்ட முகமாக இல்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டியவர்கள், நாலு மணி வரைக்கும் தேநீரோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நாங்கள் தாமதித்ததற்காக ஒருவர் முகமும் சுளிக்கவில்லை. நாங்கள் எழுந்த பிறகுதான் அவர்கள் உட்கார்ந்தார்கள். அப்போது எங்களில் சிலர் பரிமாறினோம். அதுவும் அங்கே வழக்கம் என்று ஆசிரியை சொன்னார்.

சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்தார். உள்ளே ஒரு நாணயம். கதிர்காமத்தில் உண்டியலில் போட்டுவிடு, அதற்கு முன்னால் மாணிக்க கங்கையில் என் பெயரைச் சொல்லி ஒரு முழுக்குப் போடு என்றார். முழங்கால் போகும் வரை ஆண்டுதோறும் காட்டு வழியில் நடந்தவராம். சுனாமியில் மகளும் பேரப்பிள்ளையும் போன ஆண்டுக்கு அடுத்த ஆண்டும் நடந்திருக்கிறார். "இப்போது நான் நடப்பது இப்படித்தான்" என்று பானைகளைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் முடிச்சுகளோடு நின்றார்கள். ஒருவர் மகளுக்குக் குழந்தை வேண்டினார். இன்னொருவர் காணாமல் போன மகனின் பெயரைச் சொல்லி, அந்தப் பெயரை மறக்காமல் சொல்லவேண்டும் என்று என்னிடம் மூன்று முறை சொல்ல வைத்தார். வேல் சுமந்த சாமி முடிச்சுகளை வாங்கி எங்களுக்குள் பிரித்துக் கொடுத்தார். வடக்கிலிருந்து வந்தவர்களின் பைகளில் ஏற்கெனவே எத்தனையோ ஊர்களின் முடிச்சுகள் கிடந்தன. முல்லைத்தீவின் நாணயமும் வெருகலின் நாணயமும் அந்தப் பைகளில் நடந்து வந்துகொண்டிருந்தன. என் பையிலும் சில முடிச்சுகள் சேர்ந்தன.

அண்ணனுடைய கேள்விக்கான பதில் எனக்கு அந்த மண்டபத்தில் கிடைத்தது. அன்னதானம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மனத்தில் கொடுப்பவர் மேலேயும் வாங்குபவர் கீழேயும் வந்து நின்றுவிடுகிறார்கள். உபயகாரர் பெயர் பலகையில் இருக்கும், வரிசையில் நிற்பவருக்குப் பெயர் இருக்காது. அதனால்தான் வசதியுள்ள நாம் ஏழை ஊரில் சாப்பிடுவது அண்ணனுக்குக் கூசுகிறது. அந்தக் கோயில் மண்டபத்தில் அப்படி மேல்கீழ் எதுவும் இல்லை. அந்த அம்மா எனக்குச் சோறு போட்டது இரக்கத்தால் அல்ல, என்னிடம் ஒரு வேலையை ஒப்படைக்கத்தான். அவருடைய முழங்கால் போகாத இடத்துக்கு என் கால் போகிறது. அந்தக் காலுக்கு அவர் சோறு போடுகிறார். சமைத்து, பசியோடு காத்திருந்து, முடிச்சைக் கையில் கொடுத்து முடிக்கும்போது அவருடைய பாதயாத்திரை அந்த ஆண்டுக்கு நிறைவேறிவிடுகிறது. நடப்பவர்கள் யாத்திரையில் ஒரு பாதிதான். சொந்தச் சமையல் வண்டியோடு போகும் இருபது பேர் அந்த மண்டபத்து வாசலில் நின்று, "எங்களிடம் சாப்பாடு இருக்கிறது, உங்களுக்குச் சிரமம் வேண்டாம்" என்று பணிவாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். மூடிய பானைகளோடு நாள் முழுவதும் இருந்தவர்களுக்கு அதன் பிறகு அந்த யாத்திரையில் என்ன இடம் இருக்கும்? சாலையோரம் நின்று கும்பிடலாம், படத்தில் பின்னணியாக இருக்கலாம்.

சான்டியாகோவும் சந்நிதியும்

அண்ணன் போர்ச்சுக்கலின் போர்ட்டோ நகரிலிருந்து அட்லாண்டிக் கரையோரமாக ஸ்பெயினின் சான்டியாகோ வரை நடந்தவர். அவருடைய திட்டத்தில் அந்த நடையின் சாயல் இருக்கிறது, அது இயல்பு. அங்கே மஞ்சள் அம்புக்குறிகள் வழிகாட்டும். 1980-களில் எலியாஸ் வலின்யா என்ற பாதிரியார் கையில் பெயிண்ட் வாளியோடு போட்டுத் தொடங்கியவை அவை. யாத்திரிகருக்கென்று விடுதிகள், முத்திரை குத்தும் கையேடு, நடப்பவர்கள் குறைந்தது நூறு கிலோமீட்டரை முடித்தால் சான்றிதழ். 2023-இல் சான்றிதழ் பெற்றவர்கள் நான்கு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். மறந்து கிடந்த பாதையை ஒரு மனிதர் உயிர்ப்பித்ததை நான் வியந்து பார்க்கிறேன். கிழக்கிலங்கைக் கரைக்கும் அப்படி ஒரு காலம் வரவேண்டும் என்று அண்ணன் ஆசைப்படுகிறார். வடக்கு வழியில் நடப்பவர்கள் மிகவும் குறைவு, நாம் போய் ஆளைக் கூட்டாவிட்டால் அது நின்றுவிடும் என்கிறார்.

நின்றுவிடும் என்ற அச்சம் எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த வழியை இதுவரை காப்பாற்றியது அம்புக்குறி இல்லை. போர்க்காலத்திலும் சுனாமிக்குப் பிறகும் வேல் வரும் என்று ஊர்கள் எதிர்பார்த்திருந்தன. எதிர்பார்க்கிற ஊர் இருக்கிற வரை, நடக்க யாராவது வருவார்கள். பொருளாதாரம் சரிந்து அரிசி விலை ஏறி, எரிவாயுவுக்கு மைல் கணக்கில் வரிசை நின்ற 2022-இல் என்ன செய்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். "சோறு இல்லை என்றால் கஞ்சி" என்றார். விறகில் காய்ச்சினார்களாம். அப்போதும் வேலுக்கு முன்னால் யாரும் குடிக்கவில்லையாம்.

இருந்தாலும் கஞ்சி காய்ச்சிய ஊரின் தோளில் இருபது சிங்கப்பூர்க்காரர்களை ஏற்றுவது தகாது என்பதில் அண்ணன் சொல்வதே சரி. அதற்கு வழி, ஆட்களைக் குறைப்பது. எங்கள் குழுவில் ஐந்தாறு பேர் போகலாம், வேறொரு குழுவின் வேலுக்குப் பின்னால், அந்தக் குழுவின் கணக்கில் சேர்ந்து. ஊர்க்காரர்கள் கேட்கும் அந்த ஒரே கேள்விக்கு உண்மையான எண்ணை முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொடுக்க மனமிருந்தால் கோயில் நிர்வாகத்திடம் சில மாதங்களுக்கு முன்பே, பெயர்ப்பலகை இல்லாமல், அரிசிக்கென்று கொடுத்துவிடலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். அவர்கள் பையில் பிஸ்கட்டும் மருந்தும் இருக்கட்டும், தேவையென்றால் ஒரு ஆட்டோவும் பின்னால் வரட்டும். அதையெல்லாம் தடுப்பது என் நோக்கமில்லை.

காட்டுக்குத் தேவையானது

அண்ணனுடைய திறமைக்கு உண்மையான வேலை உகந்தைக்குத் தெற்கே இருக்கிறது. பொத்துவிலைக் கடந்தால் அறுகம்பை. உலகின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் அலைச்சறுக்குக்காரர்கள் வந்து குவியும் மாதங்களும் இதே மாதங்கள்தான். பலகையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு அவர்கள் ஒரு பக்கம், வேலைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நாங்கள் ஒரு பக்கம். பிறகு சிங்களமும் தமிழும் கலந்து வாழும் பாணமை. அதற்கப்பால் கடலோரப் பாறைகளுக்கிடையே உகந்தை முருகன். முருகனும் வள்ளியும் கல்லோடத்தில் வந்து இறங்கிய கரை என்று அங்கே சொல்வார்கள். அதுவரை எங்களோடு வந்தவர்கள் சிறு கூட்டம். உகந்தையில் பார்த்தால் லொறியிலும் பஸ்ஸிலும் வந்திறங்கிய பல்லாயிரம் பேர், காட்டுப் பாதை திறக்கக் காத்திருக்கிறார்கள். விழாவையொட்டிச் சில நாட்கள்தான் அதிகாரிகள் அந்தப் பாதையைத் திறந்துவிடுவார்கள்.

குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் என்று காட்டுக்குள் தங்குமிடங்கள் வரும். வழியில் ஊர் கிடையாது, ஆகவே அடுப்பு மூட்டிக் காத்திருப்பவர்களும் கிடையாது. அரிசியைச் சுமந்துபோய்ச் சேர்ந்து சமைக்க வேண்டும். சில தொண்டு அமைப்புகள் தண்ணீரும் சாப்பாடும் தருகின்றன, ஆனால் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? ஆற்று மணலைத் தோண்டி ஊறும் தண்ணீரை வடிகட்டிக் குடித்தவர்களைப் பார்த்தேன். யானையும் கரடியும் சிறுத்தையும் நடமாடும் அந்த இடத்தில், கூட்டம் கடந்துபோன பிறகு புதர்களில் பிளாஸ்டிக் போத்தல்களும் சாப்பாட்டுப் பொட்டலங்களும் தொங்கின. அது என்னை மிகவும் வருத்தியது. வள்ளி வாழ்ந்த காடு என்று கும்பிட்டுக்கொண்டே அதில் குப்பை போடுகிறோம். எத்தனை லிட்டர் தண்ணீர் எங்கே, எத்தனை பேர் எந்த நேரத்தில் எந்த இடத்தைக் கடப்பார்கள், சேரும் குப்பையை யார் எப்படித் திரும்பக் கொண்டுவருவது என்பவையெல்லாம் தைப்பூச ஊர்வலத்தைப் பல ஆண்டுகள் நகர்த்திய மனிதருக்குக் கைவந்த கணக்குகள். அந்த இரண்டு வண்டிகளின் பணத்தையும் அங்கே இயங்கும் அமைப்புகளோடு சேர்ந்து தண்ணீருக்கும் துப்புரவுக்கும் செலவழிக்கலாம். இதை நேற்று அவரிடம் சொன்னேன். காட்டைப் பற்றிச் சொன்னதை உடனே ஏற்றுக்கொண்டார். ஐந்தாறு பேர் என்பதை மட்டும் இன்னும் ஏற்கவில்லை. பெயர் கொடுத்த இருபது பேரில் யாரை வேண்டாம் என்று சொல்வது என்கிறார். அது கடினமான வேலைதான். வேல் சுமக்கும் சாமியிடமே தொலைபேசியில் எண்ணைக் கேட்டுவிடுவது என்று முடிவாகியிருக்கிறது.

கதிர்காமத்தில் மாணிக்க கங்கை முழங்காலளவு ஓடியது. ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முழுக்கு என்று, பெயர்களைச் சொல்லிக்கொண்டு முழுகினேன். வரிசையில் நின்று, முருகனையும் தேவியரையும் தீட்டிய திரைக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு, நாணயங்களை உண்டியலில் போட்டேன். எனக்கென்று எதையும் வேண்டிக்கொள்ளவில்லை, நினைவுக்கு வரவில்லை.

ஊருக்குத் திரும்பி இதைச் சொல்லக் கேட்ட பெரியம்மா ஒருவர், எண்பதைக் கடந்தவர், பிடோக்கில் மகனோடு இருக்கிறார், "அடுத்த முறை போனால் என்னுடையதையும் எடுத்துப்போ" என்று கேட்டிருக்கிறார். ஆகவே இதைப் படிக்கும் சிங்கப்பூர் உறவுகளுக்கும் சொல்கிறேன். நடக்க முடியாதவர்கள் முடிச்சுக் கொடுக்கலாம். வைகாசி முடிவதற்குள் கொடுத்துவிடுங்கள். நாணயமாக இருக்கட்டும், நோட்டு வேண்டாம், காட்டில் வியர்வையில் நனைந்து கிழிந்துவிடும். யாருக்காக என்ற பெயரைத் தாளில் தனியாக, தெளிவாக எழுதித் தாருங்கள், ஆற்றில் நின்று வாய்விட்டுச் சொல்வதற்கு வசதியாக இருக்கும்.